அப்பாவின் ரேஸ் புத்தகத்தில் பென்சிலால் போட்ட கணக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பா இறந்த பிறகு பீரோவின் அடித்தட்டில் பெங்களூர் ரேஸ் புத்தகங்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரங்களில் ஓசூரிலிருந்து வாராவாரம் போய் வந்திருக்கிறார். பத்திரிகையில் வந்த முடிவுகளையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். அதில் ஒரு பக்கத்தில் 'வின் 28, பிளேஸ் 12, 15, 19, எஸ்.எச்.பி. 41, தனாலா 612, கழுத்து, 1½, மூக்கு, 1 நி. 13.4 வி.' என்று அச்சாகியிருக்கிறது. ஜெயித்த குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் 5/2 என்று எழுதி வட்டம் போட்டு, அதன் கீழே '35 – 28 = 7' என்று கணக்கும் போட்டிருக்கிறார். இதெல்லாம் என்ன பாஷை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், 'இவ்வளவு தெரிந்தவர் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தார்?' என்று ஒன்று சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. சொற்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே அதற்கும் வருகிறேன்.

நான் பெங்களூரில் பந்தய நாட்களில் பகுதி நேரமாக டோட் கவுன்டரில், அதாவது ரேஸ் கிளப்பே பந்தயப் பணம் வாங்கும் இடத்தில், டிக்கெட் கொடுத்தவன், பதினொரு வருடம். அதற்குப் பிறகு ஒரு நாளிதழில் ரேஸ் பக்கத்தின் பிழை திருத்தும் வேலையும் பார்த்தேன். குதிரை வளர்த்ததில்லை, ஓட்டியதில்லை. அதனால் லாயத்துக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதை விட, காகிதத்திலும் கவுன்டரிலும் நடப்பதைப் பற்றிச் சொல்வதை நீங்கள் தைரியமாக நம்பலாம். அங்கே நின்று நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம், ரேஸ் புத்தகத்தில் இரண்டு பாஷைகள் கலந்து கிடக்கின்றன என்பது. ஒன்று குதிரையைப் பற்றியது: எடை, தூரம், நேரம், வித்தியாசம். மற்றது பணத்தைப் பற்றியது: ரேட் (ஜெயித்தால் எவ்வளவு தருவார்கள் என்பது), டிவிடெண்ட் (முடிவில் டோட் தரும் தொகை), பூல் (கட்டிய பணம் சேரும் பானை). புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடுகிறார்கள். ரேட் குறைவாக இருந்தால் நல்ல குதிரை என்று நினைக்கிறார்கள். அந்தக் குதிரை மேல் நிறையப் பணம் விழுந்திருக்கிறது என்பதுதான் ரேட் சொல்லும் செய்தி.

குதிரையின் பாஷையை முதலில் பார்ப்போம், அது எளிது. 'கழுத்து, 1½, மூக்கு' என்பது வித்தியாசம். முதல் குதிரைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு கழுத்தளவு, இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒன்றரைக் குதிரை நீளம், மூன்றுக்கும் நான்குக்கும் மூக்கு நுனியளவு. மூக்கு, தலை, கழுத்து, அரை நீளம், முக்கால், ஒன்று என்று இப்படியே ஏறிக்கொண்டு போகும். ஒரு குதிரை நீளம் என்றால் சுமார் எட்டடி, இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1 நிமிடம் 13.4 விநாடி என்பது அநேகமாக 1200 மீட்டர் பந்தயமாக இருக்கும். அந்த வேகத்தில் ஒரு விநாடியில் குதிரை பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது, அதாவது ஏறக்குறைய ஏழு குதிரை நீளம். கழுத்தளவு வித்தியாசம் என்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. நம் வீடுகளில் ஒரு வருடம் முழுக்கப் பேசப்படும் வெற்றி தோல்வி பல சமயம் இந்த அளவில்தான் முடிவாகியிருக்கிறது.

அடுத்தது எடை. குதிரைக்குப் பக்கத்தில் 60, 57.5, 51 என்று இருப்பதெல்லாம் ஜாக்கி, சேணம், தேவைப்பட்டால் ஈயக்கட்டி எல்லாம் சேர்த்து அது சுமக்க வேண்டிய கிலோ. 'ஹாண்டிகேப்' பந்தயம் என்றால் நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிப்பதுபோலப் பார்த்துப் பார்த்து எடை போடுவது ஹாண்டிகேப்பரின் வேலை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் எண் இருக்கும், நம் நாட்டில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. 45 ரேட்டிங் உள்ள குதிரை 60 கிலோ தூக்கினால், அதே பந்தயத்தில் 25 ரேட்டிங் உள்ளது 50 கிலோ தூக்கும். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த முறை எடையும் கூடும். தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும். ரேஸ் பார்க்கிறவர்கள் 'இந்தக் குதிரைக்கு இப்போது எடை சௌகரியம்' என்று சொல்வது இதை வைத்துத்தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். ஆனால் பணம் கட்டுகிறவர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் குதிரைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கப் பார்க்கும் வித்தியாசத்தை, சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் அதையே செய்யும் ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்து எடையாக ஏற்றிவைத்திருக்கிறார். உங்களுக்கு மிஞ்சுவது அவர் கண்ணில் படாமல் போனது மட்டும்தான்.

அப்பாவின் புத்தகத்தில் காலைப் பயிற்சிக் குறிப்புகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். '1000 மீ. 1-8, 600-க்கு 40, எளிதாக ஓடியது' என்கிற மாதிரி. 1000 மீட்டரை 1 நிமிடம் 8 விநாடியிலும் அதில் கடைசி 600 மீட்டரை 40 விநாடியிலும் முடித்தது, ஜாக்கி விரட்டவில்லை என்று அர்த்தம். ஆர்.பி. என்று இருந்தால் அன்றைக்கு ஏறியது ஜாக்கி இல்லை, ரைடிங் பாய், அதாவது லாயத்தில் வேலை செய்யும் பையன். இந்தக் குறிப்புகளை ரேஸ்காரர்கள் வேதம் போலப் படிப்பார்கள். நான் இதைச் சந்தேகமானவை பட்டியலில்தான் வைப்பேன். நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்திருப்பார்கள், அது சரிதான். ஆனால் அன்று குதிரை மேல் எத்தனை கிலோ இருந்தது, பயிற்சியாளர் எவ்வளவு ஓட்டச் சொன்னார் என்பது அந்த வரியில் இருக்காது. அது இல்லாமல் 40 விநாடி நல்லதா சுமாரா என்று எப்படித் தீர்மானிப்பது?

சரி, இனி பணத்தின் பாஷை. 5/2 என்பதை 'ஐந்துக்கு இரண்டு' என்று படிப்பார்கள். நீங்கள் இரண்டு ரூபாய் வைத்தால் ஜெயித்தால் ஐந்து ரூபாய் லாபம், வைத்த இரண்டும் திரும்ப வரும். நூறு வைத்தால் 250 லாபம், கையில் 350. ஈவன் என்றால் வைத்த அளவே லாபம். 60/100 என்று எழுதியிருந்தால் நூறு கட்டினால் அறுபதுதான் லாபம், அது பெரிய ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று நம்பி எல்லாரும் பணம் கட்டும் குதிரை. புக்கியிடம், அதாவது மைதானத்தில் தானே ரேட் சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம், கட்டும்போது அந்த நிமிடம் பலகையில் என்ன ரேட் இருந்ததோ அது உங்களுக்கு உறுதி. அதற்குப் பிறகு ரேட் இறங்கினாலும் ஏறினாலும் உங்கள் சீட்டு மாறாது.

இந்த ரேட்டுகளைக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் ரொம்பப் பேருக்கு இல்லை. ஆறு குதிரை ஓடுகிறது, பலகையில் ஈவன், 3/1, 5/1, 8/1, 12/1, 20/1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குதிரை ஜெயித்தாலும் கைக்கு நூறு ரூபாய் வரவேண்டுமென்றால் முதல் குதிரை மேல் 50 வைக்க வேண்டும், இரண்டாவதன் மேல் 25, அப்புறம் 16.70, 11.10, 7.70, 4.80. கூட்டினால் 115 ரூபாய் 30 காசு. அதாவது எல்லாக் குதிரையையும் வாங்கி, எது ஜெயித்தாலும் நூறு ரூபாய் பெறுவதற்கு நீங்கள் 115 ரூபாய் தர வேண்டும். அந்தப் பதினைந்து சொச்சம்தான் புக்கியின் பிழைப்பு. எந்தக் குதிரையின் ரேட்டைத் தனியாகப் பார்த்தாலும் இது தெரியாது, கூட்டினால்தான் தெரியும். உங்களிடம் பழைய ரேட் பட்டியல் இருந்தால் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

டோட் வேறு வகை. இதில் புக்கியே கிடையாது. எல்லாருடைய பணமும் ஒரே பானையில் விழுகிறது, கிளப்பும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன, மீதியை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலே என்பவர் ஆரம்பித்த முறை இது. ஓயாமல் மாறும் அந்தக் கூட்டல் வகுத்தலைத் தானாகச் செய்ய ஜார்ஜ் ஜூலியஸ் ஒரு எந்திரம் கட்டினார், 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அது முதலில் ஓடியது. அந்த டோட்டலைசேட்டர்தான் நம் வாயில் டோட் ஆனது. கணக்கு இப்படி: வின் பூலில், அதாவது முதலில் வரும் குதிரைக்கான பானையில், ஒரு லட்சம் விழுந்தது, எடுத்துக்காட்டுக்கு இருபதாயிரம் கழிந்தது என்று வைப்போம். மீதி எண்பதாயிரம். ஜெயித்த குதிரை மேல் மொத்தம் இருபதாயிரம் கட்டியிருந்தால் பத்து ரூபாய்க்கு நாற்பது ரூபாய். அதே குதிரை மேல் நாற்பதாயிரம் கட்டியிருந்தால் பத்துக்கு இருபதுதான். குதிரை அதே குதிரை, ஓட்டம் அதே ஓட்டம். டிவிடெண்டைத் தீர்மானிப்பது உங்களோடு சேர்ந்து கட்டிய மற்றவர்கள். பந்தயம் கிளம்பும் வரைக்கும் பணம் விழுந்துகொண்டே இருப்பதால் கடைசி எண் என்ன என்று கட்டும்போது யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புக்கியின் 5/2-ல் நீங்கள் வைத்த பணம் சேராது, லாபம் மட்டும். டோட் டிவிடெண்டில் வைத்த பத்து ரூபாயும் சேர்ந்தே வரும். 'வின் 28' என்றால் லாபம் பதினெட்டுதான். இதைச் சொல்லிச் சொல்லியே கவுன்டரில் என் தொண்டை காய்ந்திருக்கிறது. பிளேஸ் 12, 15, 19 என்பது முதல் மூன்று இடத்துக்குள் வந்த குதிரைகளுக்கு, வந்த வரிசையில். எஸ்.எச்.பி. என்பது இரண்டாவது வரும் குதிரைக்கான தனிப் பூல். உங்கள் குதிரை சரியாக இரண்டாவது வந்தால் மட்டும் பணம், முதலில் வந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. தன் குதிரை ஜெயித்ததைப் பார்த்து ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்வதை அங்கேதான் பார்த்தேன். ஃபோர்காஸ்ட் என்றால் முதல் இரண்டையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், கினெல்லா என்றால் வரிசை முன்பின்னாக இருக்கலாம். தனாலா என்றால் முதல் மூன்றும் அதே வரிசையில். நம் நாட்டு மைதானங்களில் புழங்கும் சொல் இது. ஜாக்பாட்டுக்கு வரிசையாக ஐந்து பந்தயத்தின் வெற்றிக் குதிரைகள் வேண்டும். பூல் சிக்கலாக ஆக, டிவிடெண்டும் பெரிதாகும், உங்கள் கைக்கு வரும் வாய்ப்பும் சுருங்கும்.

டிக்கெட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை ஒரு பெரியவர் கட்டிய குதிரை இரண்டாவது வந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். அப்புறம்தான் அப்ஜெக்‌ஷன் என்று அறிவிப்பு வந்தது. இரண்டாவது வந்த ஜாக்கி, ஜெயித்த குதிரை தன் வழியில் குறுக்கே வந்துவிட்டதாகப் புகார் சொல்லியிருக்கிறார். பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் படத்தைப் போட்டுப் பார்த்து முடிவை மாற்றிவிட்டார்கள். அந்த மனிதர் தரையில் கிடந்த ஆயிரம் துண்டுக் காகிதங்களுக்கு நடுவே மண்டியிட்டுத் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாதிதான் கிடைத்தது. பாதிச் சீட்டுக்கு நான் பணம் தர முடியாது. ஓட்டம் முடிந்து, ஜாக்கிகள் எடை பார்த்து, எல்லாம் சரி என்று அறிவித்த பிறகுதான் முடிவு முடிவாகும்.

இப்போது அப்பா ஏன் தோற்றார் என்பதற்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பானையிலிருந்து ஒரு பங்கு ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிலேயே போய்விடுகிறது. ஒரு நாளில் எட்டுப் பந்தயம் என்றால் எட்டு முறை போகிறது. ஜெயித்த பணத்தை எடுத்து அடுத்ததில் கட்டுகிறவருக்கு அந்தக் கழிவு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். அதற்கு மேல் வரி. இப்போது பந்தயத் தொகை முழுவதன் மேலும் ஜி.எஸ்.டி., 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஜெயித்ததற்கு வருமான வரி 30 சதவீதம், தோற்ற சீட்டுகளைக் காட்டி அதில் கழித்துக்கொள்ள முடியாது. இந்தச் சுமையோடு ஒருவர் கையில் லாபம் நிற்க வேண்டுமென்றால், கூட்டத்தை விடக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தால் போதாது, மிக மிக நன்றாகத் தெரிய வேண்டும். கூட்டமோ முட்டாள் கூட்டம் இல்லை. ஃபேவரிட் குதிரை உலகம் முழுவதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தில் ஜெயிக்கிறது. கூட்டம் தவறுவது பெரும்பாலும் இன்னொரு இடத்தில். பெரிய ரேட் உள்ள குதிரைகள் மேல் தகுதிக்கு மிஞ்சிப் பணம் விழுகிறது என்பதை 1949-லேயே ரிச்சர்ட் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிவிட்டார். நான் கவுன்டரில் பார்த்ததும் அதுதான், கடைசிப் பந்தயத்தில் அது கண்ணுக்குத் தெரியும். அன்று விட்டதையெல்லாம் ஒரே குதிரையில் பிடித்துவிட வேண்டும் என்று இருபதுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று கேட்டு வருவார்கள். காலையில் எடையையும் நேரத்தையும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்த அதே மனிதர்கள்.

டிப்ஸ், அதாவது 'இந்தக் குதிரைதான் ஜெயிக்கும்' என்று காதில் விழும் உள்தகவல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். லாயத்திலிருந்து வந்த உண்மையான தகவல் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் காதுக்கு வரும் நேரத்தில் ரேட்டுக்குள் ஏற்கெனவே போயிருக்கும். 5/1 என்று இருந்தது 2/1 ஆகிவிட்டால் தகவல் உண்மையாகவே இருந்தாலும் அதன் விலை போய்விட்டது. ஒரு ரூபாய்க்கு ஐந்து லாபம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது இரண்டுதான் கிடைக்கும்.

'கோர்ட்டே இதைத் திறமை என்று சொல்லிவிட்டதே' என்று அப்பா அடிக்கடி சொல்வார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது உண்மையான தீர்ப்பு. தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது, 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. அந்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று சொன்னது. சட்டத்தின் கண்ணில் அது என்ன என்பதற்கான பதில் அது. பந்தயத்தில் திறமை இருக்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பானையிலிருந்து போகும் பங்கை மீறும் அளவுக்குத் திறமை ஒருவரிடம் இருக்கிறதா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அது அவரவர் நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் ஜெயித்ததை மட்டும் எழுதுகிறார்கள்.

உங்கள் அப்பா அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன், அந்தப் பென்சில் கணக்கால். 5/2 என்பது அவர் புக்கியிடம் வாங்கிய ரேட். பத்து ரூபாய்க்கு வைத்த பணமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 35. அதே குதிரைக்கு டோட் கொடுத்தது 28. டோட்டில் கட்டியிருந்தால் பத்துக்கு ஏழு ரூபாய் குறைந்திருக்கும், அதைத்தான் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு பாஷையும் தெரிந்தவர்தான் இப்படி ஒரு வரி எழுத முடியும். கவுன்டருக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். அன்று அவர் எவ்வளவு கட்டினார், மீதிப் பந்தயங்களில் என்ன ஆயிற்று, வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவந்தார் என்பதை அந்தப் பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. மற்றப் பக்கங்களிலும் இதேபோல் கழித்தல் இருக்கிறதா பாருங்கள், விடை மைனஸில் வந்த இடங்களிலும் எழுதியிருக்கிறாரா என்று. எழுதியிருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.